நாற்பது நொடி யாருக்குச் சொந்தம்: அமெரிக்கக் கால்பந்தில் நோ-ஹடில் ஆட்டமுறை

1989 ஜனவரி 8 அன்று சின்சினாட்டி நகரின் ரிவர்ஃபிரன்ட் மைதானத்தில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும் மோதவிருந்தன. வெல்லும் அணிக்கு சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் இடம் உறுதி. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, தேசியக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் தலைமையிடமிருந்து பெங்கால்ஸ் பயிற்சியாளர் சாம் வைஷுக்கு ஒரு செய்தி வந்தது. எதிரணி ஆள் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவசரமாகப் பந்தை எடுத்து ஆடும் அவரது உத்தியை இன்று பயன்படுத்தினால் தண்டனை விதிக்கப்படும் என்பதே அதன் சாரம். பருவம் முழுவதும் பலருடைய கண் முன்னால், விதிகளுக்கு உட்பட்டு ஆடப்பட்டுவந்த ஒரு முறையை, பருவத்தின் மிக முக்கியமான ஆட்டங்களில் ஒன்றுக்கு முன்னால் லீக் நிறுத்திவைத்தது. பெங்கால்ஸ் அந்த ஆயுதம் இல்லாமலேயே 21-10 என்று வென்றது. ஆனால் அன்று எழுந்த கேள்வி அத்துடன் முடியவில்லை. இரண்டு நகர்வுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி யாருக்குச் சொந்தம் என்ற அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுக் கால அமெரிக்கக் கால்பந்தின் பெரும் பகுதி சுழன்றிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்த ஆட்டத்தின் அடிப்படையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். நமக்குப் பழக்கமான கால்பந்து இடைவிடாமல் ஓடுவது. அமெரிக்கக் கால்பந்து விட்டுவிட்டு நடப்பது. பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கஜ நீளக் களம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றை டவுன் என்கிறார்கள். அந்த நான்குக்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு நகர்வு. நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் என்ற ஆட்டக்காரர், கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் தரும் கணத்தில் அது தொடங்குகிறது. அந்தக் கணத்துக்கு ஸ்னாப் என்று பெயர். நகர்வு சில நொடிகளில் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த ஸ்னாப்புக்கு 40 நொடி அவகாசம். அறுபது நிமிட ஆட்டம் என்று சொன்னாலும் பந்து உண்மையில் உயிரோடு இருக்கும் நேரத்தைக் கூட்டினால் கால் மணி நேரத்தைத் தாண்டாது. ஆகவே ஆட்டத்தின் பெரும்பகுதி நகர்வுகளுக்கு நடுவேதான் கழிகிறது, வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் யோசனைகளும் அங்கேதான் நடக்கின்றன.

அந்த நாற்பது நொடியில் தாக்கும் அணி வழக்கமாகப் பந்துக்குச் சில கஜம் பின்னால் வட்டமாகக் கூடுகிறது. அதுதான் ஹடில். பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த நகர்வை குவார்ட்டர்பேக் அங்கே எல்லோருக்கும் சொல்கிறார்: யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், பந்தைப் பிடிப்பவர்கள் எந்தப் பாதையில் ஓட வேண்டும், எத்தனையாவது குரலுக்கு ஸ்னாப் என்பது வரை. அதே நேரத்தில் எதிரே தடுக்கும் அணியும் சும்மா நிற்பதில்லை. மூன்றாவது வாய்ப்பில் இன்னும் எட்டு கஜம் தேவை என்றால், எதிரி பந்தை வீசத்தான் போகிறான் என்று ஊகித்து, கனத்த உடல்வாகுள்ள ஒருவரை வெளியே எடுத்து, வேகமாக ஓடும் ஒருவரை உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு கஜமே தேவை என்றால் இதற்கு நேர்மாறு. நடுவில் நிற்கும் லைன்பேக்கர் என்ற தடுப்பாளர் ஓரத்திலிருந்து வரும் கட்டளையைப் பெற்று மற்றவர்களுக்குக் கைச்சைகையாலும் குரலாலும் சொல்கிறார். இவை எல்லாவற்றோடும் இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பார்வையாளர்கள் எளிதில் கவனிக்கத் தவறுவார்கள்: நூற்று நாற்பது கிலோ எடையுள்ள மனிதர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார்கள்.

நோ-ஹடில் என்பது இந்தக் கூடுகையைக் கைவிடுவது. நகர்வு முடிந்ததும் தாக்கும் அணி வட்டம் சேராமல் நேராகப் பந்து கிடக்கும் கோட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறது. அடுத்த நகர்வு அங்கேயே, சைகையாலோ ஒற்றைச் சொல்லாலோ அறிவிக்கப்படுகிறது. இதை வேகமாக ஆடும் முறை என்று மட்டும் விளக்குவது வழக்கம், ஆனால் அந்த விளக்கம் பாதி உண்மைதான். வேகம் என்பது இந்த முறையின் ஒரு வடிவம்; உண்மையான ஆதாயம், இடைவெளியின் மீதான உரிமையைத் தாக்கும் அணி தன் கையில் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. இதற்கு விதியே துணை நிற்கிறது. தாக்கும் அணி ஆள் மாற்றினால், எதிரணியும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள நடுவர் அவகாசம் கொடுப்பார், அதுவரை ஸ்னாப் செய்ய அனுமதிக்க மாட்டார். தாக்கும் அணி யாரையும் மாற்றாவிட்டால் அந்த அவகாசம் கிடையாது. ஆக, அதே பதினொரு பேரைக் களத்தில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வந்து நின்றுவிட்டால், எதிரே நிற்கும் பதினொரு பேரும் சிறைப்பட்டதுபோலத்தான். வெளியே ஓட முயன்றால் நடுவழியில் ஸ்னாப் நடந்து, பன்னிரண்டு பேர் களத்தில் இருந்த குற்றத்துக்காக ஐந்து கஜம் இழக்க நேரிடும். ஓடாமல் நின்றால், பந்து வீச்சைத் தடுக்க வந்த இலகுவான ஆட்டக்காரர் நேராக மோதி வரும் ஓட்டத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

வரலாற்றைப் பார்த்தால் ஹடில்தான் பின்னால் வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தொடக்கக் காலத்தில் அணிகள் கூடிப் பேசவே இல்லை. குவார்ட்டர்பேக் கோட்டிலிருந்தே குறிச்சொற்களைக் கத்தினார். 1890களில் வாஷிங்டனில் உள்ள, காது கேளாதோருக்கான காலாடெட் கல்லூரியின் குவார்ட்டர்பேக் பால் ஹப்பர்ட், தன் அணியின் சைகை மொழியை எதிரணி படித்துவிடக் கூடாது என்பதற்காக ஆட்டக்காரர்களை வட்டமாக நிறுத்தி, நடுவே மறைத்துச் சைகை காட்டினார் என்பதே ஹடிலின் பிறப்பாகப் பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. காலாடெட் போலவே காது கேளாதோருக்கான வேறு பள்ளிகளும் எதிரணிகளாக வந்தன என்பதை நினைத்தால் அந்தத் தேவை எவ்வளவு நேரடியானது என்று புரியும். பின்னர் பேசும் அணிகளும் அதைக் கைக்கொண்டன, நகர்வுகள் சிக்கலாகச் சிக்கலாக அது இன்றியமையாததாயிற்று.

அதன்பின் பல பத்தாண்டுகள், ஹடில் இல்லாமல் ஆடுவது தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கடைசி நேர மருந்தாக மட்டுமே இருந்தது. கடைசி இரண்டு நிமிடங்களில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பின்தங்கிய அணி அவசர அவசரமாக முன்னேறும். 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் நடந்த சாம்பியன் போட்டியில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ஜானி யூனிடாஸ், கடைசி இரண்டு நிமிடங்களில் ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பந்துகளை வீசிக் களத்தின் பெரும்பகுதியைக் கடந்து, 17-17 என்று சமன் செய்ய வழிசெய்தார். கோல்ட்ஸ் கூடுதல் நேரத்தில் 23-17 என்று வென்றது. கடிகாரத்தை எதிர்த்து ஆடும் கலைக்கு அமெரிக்காவே அன்று சாட்சியாக இருந்தது. ஆனாலும் இயல்பான ஓர் எண்ணம் அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரிதாக யாரையும் அசைக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடங்களில் எதிரணியைத் திணறடிக்கும் ஒன்று, முதல் இரண்டு நிமிடங்களில் ஏன் திணறடிக்காது?

சாம் வைஷ் அதைத்தான் கேட்டார். 1988 பருவத்தில் அவரது பெங்கால்ஸ் அணி ஆட்டம் தொடங்கியதிலிருந்தே இதை ஒரு முறையாக ஆடியது. அவரது ஆட்டக்காரர்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. சில வேளைகளில் பந்துக்கு மிக அருகிலேயே தளர்வாகக் கூடி நிற்பார்கள். குவார்ட்டர்பேக் பூமர் எசயசன் எதிரணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து ஒருவர் உள்ளே ஓடத் தொடங்கியதும், வெளியேற வேண்டியவர் இன்னும் களத்துக்குள் இருக்கையிலேயே, ஸ்னாப் நடந்துவிடும். பன்னிரண்டாவது ஆள், கொடி வீசப்படும், ஐந்து கஜம். எதிரணிகள் கண்டுபிடித்த எதிர் மருந்து அழகானதல்ல: மூச்சு வாங்கவும் ஆள் மாற்றவும் நேரம் வேண்டுமென்றால், ஒருவர் காயம் பட்டதுபோல் விழுந்துவிடுவார். சியாட்டில் சீஹாக்ஸ் அணியுடன் நடந்த முந்தைய சுற்று ஆட்டத்தில் இப்படி விழுந்து எழுந்த காட்சிகள் பெரும் பேச்சாயின. பஃபலோ அணியும் முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. லீக்கின் தடைச் செய்தி அந்தச் சூழலில் வந்ததுதான்.

நான் பெங்கால்ஸ் பக்கம்தான் நிற்பேன். விதியில் இல்லாத ஒன்றை ஆட்ட நாளில் விதியாக்குவது நியாயமல்ல. பொய்க் காயத்தைத் தண்டிப்பதற்குப் பதிலாக, அதைத் தூண்டிய புத்திசாலித்தனத்தைத் தண்டிப்பது அதைவிடவும் நியாயமல்ல. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி பெங்கால்ஸ். இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌலில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியிடம் 20-16 என்று தோற்றது. ஜோ மான்டானா தன் அணியின் எட்டாவது கஜக் கோட்டிலிருந்து புறப்பட்டு, 34 நொடி மீதியிருக்கையில், எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் டச்டவுன் ஒன்றை எறிந்து வென்றார். கடிகாரத்தை ஆளத் தெரிந்த அணியைக் கடிகாரத்தை ஆளத் தெரிந்த இன்னொருவர் வீழ்த்தினார்.

இந்தக் கதையில் அடுத்த திருப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1989 ஜனவரியில் ஆட்சேபித்த அதே பஃபலோ பில்ஸ், ஓராண்டு கழித்து அந்த முறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 1990 ஜனவரி 6 அன்று கிளீவ்லேண்டில் நடந்த ஆட்டத்தில் பின்தங்கிய பில்ஸ், வேறு வழியின்றி இரண்டு நிமிட அவசர முறையை நீண்ட நேரம் ஆட வேண்டியதாயிற்று. குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி 405 கஜம் பந்து வீசினார். 34-30 என்று தோற்றார்கள், ஆனால் தலைமைப் பயிற்சியாளர் மார்வ் லீவியும் தாக்குதல் பயிற்சியாளர் டெட் மார்ச்சிப்ரோடாவும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில் அது அணியின் முதன்மை முறையாயிற்று. கீத் மெக்கெல்லர் என்ற ஆட்டக்காரரின் பெயரை ஒட்டி அதைக் கே-கன் என்று அழைத்தார்கள். அவர் டைட் எண்ட். அதாவது தடுக்கவும் தெரிந்தவர், பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் இருந்ததால்தான் ஆள் மாற்றாமல் ஓட்டமும் வீச்சும் ஆட முடிந்தது. நோ-ஹடில் ஆட விரும்பும் எந்த அணிக்கும் முதல் நிபந்தனை இதுதான்: களத்தில் நிற்கும் பதினொரு பேரும் எல்லா வேலையும் செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். தர்மன் தாமஸ் ஓடவும் செய்வார், பந்தைப் பிடிக்கவும் செய்வார். சென்டர் கென்ட் ஹல் எதிரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துத் தடுப்புக் கட்டளைகளைத் தானே மாற்றுவார்.

அதைவிட முக்கியமாக, நகர்வுகளைத் தேர்ந்தெடுத்தவர் கெல்லியே. அக்காலத்தில் பயிற்சியாளர் ஒவ்வொரு நகர்வையும் ஓரத்திலிருந்து தீர்மானித்து அனுப்புவதே நடைமுறையாகியிருந்தது. கெல்லி கோட்டில் நின்று, எதிரணி எப்படி வரிசை கட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அதன்பின் முடிவு செய்தார். ஹடிலில் எடுக்கும் முடிவு எதிரியைப் பார்க்காமல் எடுப்பது. கோட்டில் எடுக்கும் முடிவு பார்த்து எடுப்பது. 1991 ஜனவரி 20 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணிக்கு எதிராக இது முழு உருவம் எடுத்தது. இடைவேளையின்போது 41-3, முடிவில் 51-3. அன்று ரெய்டர்ஸ் ஆட்டக்காரர்கள் ஸ்னாப் நடக்கும்போது இன்னும் ஒருவரையொருவர் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 27 அன்று, டாம்பாவில் இருபத்தைந்தாவது சூப்பர் பௌல். எதிரே நியூயார்க் ஜெயன்ட்ஸ். அதன் தடுப்புப் பயிற்சியாளர் பில் பெலிசிக் அப்போது முப்பத்தெட்டு வயதுக்காரர். அவர் வகுத்த திட்டத்தின் கூர்மை எண்ணிப் பார்க்கத் தக்கது. கனத்த ஆட்களைக் குறைத்து, பின்னால் நிற்கும் வேகமான ஆட்களைக் கூட்டினார். தர்மன் தாமஸ் ஓடி நூறு கஜம் எடுத்தாலும் பரவாயில்லை, கெல்லியின் வீச்சைச் சிறிய துண்டுகளாக்கிவிட வேண்டும், பந்தைப் பிடிப்பவர்களைப் பிடித்த இடத்திலேயே பலமாக மோதி வீழ்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. பந்து வீச்சுக்கு ஏற்ற அணிவகுப்பை முதலிலேயே நிறுத்திவிட்டதால், ஆள் மாற்ற வேண்டிய அவசியமே குறைந்தது. மாற்ற விடாமல் செய்வதுதான் எதிரியின் ஆயுதம் என்றால், மாற்றத் தேவையில்லாத ஓர் அணியை நிறுத்துவது அந்த ஆயுதத்தை மழுக்கிவிடுகிறது.

ஆனால் ஜெயன்ட்ஸின் பெரிய பதில் தடுப்பில் இல்லை. பில்ஸ் அணியை ஆட விடாமல் செய்ய மிக எளிய வழி பந்தைத் தராமல் இருப்பது. ஜெயன்ட்ஸ் தன் முறை வந்தபோதெல்லாம் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன்னால் கடிகாரத்தை முடிந்த மட்டும் ஓடவிட்டு, மூன்று கஜம், நான்கு கஜம் என்று நகர்ந்தது. மூன்றாவது கால்பகுதியின் தொடக்கத்தில் ஒரே முன்னேற்றத்தில் 9 நிமிடம் 29 நொடியைத் தின்றது. அதன் முடிவில் ஒரு டச்டவுன். அந்த முன்னேற்றத்தின் நடுவே மூன்றாவது வாய்ப்பில் பதின்மூன்று கஜம் தேவைப்பட்டபோது, மார்க் இங்கிரம் குறைவான தூரத்தில் பந்தைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்க வந்தவர்களிடமிருந்து நழுவித் தேவையான தூரத்தைக் கடந்தார். அந்த ஓட்டத்தை மறுபடியும் பார்ப்பவர்கள் பில்ஸ் தடுப்பாளர்களின் கால்களைக் கவனிக்க வேண்டும். கை எட்டுகிறது, கால் எட்டவில்லை. ஆட்டம் முடிந்தபோது ஜெயன்ட்ஸ் பந்தை வைத்திருந்த நேரம் 40 நிமிடம் 33 நொடி, பில்ஸ் வைத்திருந்தது 19 நிமிடம் 27 நொடி. 20-19 என்று ஜெயன்ட்ஸ் வென்றது. கடைசி எட்டு நொடி இருக்கையில் பில்ஸின் ஸ்காட் நார்வுட் மூன்று புள்ளிகளுக்காக 47 கஜத்திலிருந்து உதைத்த பந்து வலது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

இந்தத் தோல்வியை நோ-ஹடில் முறைக்கு எதிரான தீர்ப்பாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு நேரமே பந்தைத் தொட்ட அணி 19 புள்ளிகள் எடுத்து, ஓர் உதையின் தூரத்தில்தான் தோற்றது. தாமஸ் 135 கஜம் ஓடினார். எதிரணி விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்ததை பில்ஸ் இன்னும் அதிகமாக எடுத்திருக்க வேண்டும் என்பதே நியாயமான விமர்சனம். ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை அந்த ஆட்டம்போல் வேறெதுவும் காட்டவில்லை. அந்த விலையைக் கொடுப்பது தாக்கும் அணியல்ல, அதே அணியின் தடுப்பாளர்கள்.

கணக்கு எளிது. வழக்கமான வேகத்தில் மூன்று வாய்ப்புகளிலும் தோற்று, நான்காவதில் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடும் அணி, அந்த மூன்று நகர்வுகளில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தையாவது செலவழிக்கும். வேகமாக ஆடி, வீசிய பந்துகள் பிடிபடாமல் போனால், கடிகாரம் நின்றுவிடுவதால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்த தடுப்பாளர், அதை மூடி வைத்துவிட்டு மறுபடியும் தலைக்கவசத்தை மாட்ட வேண்டும். வேகம் வெல்லும்போது எதிரியின் தடுப்பு சோர்கிறது. தோற்கும்போது தன் தடுப்பு சோர்கிறது.

சிப் கெல்லி இந்த இரண்டையும் அனுபவித்தவர். ஒரேகன் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது அவரது அணி 46 ஆட்டங்களில் வென்று 7இல் மட்டுமே தோற்றது. அவரது வெற்றியின் இரகசியம் ஆட்ட நாளில் இல்லை, பயிற்சி மைதானத்தில் இருந்தது. காது அடைக்கும் இசை ஒலிக்க, ஒரு நகர்வு முடிந்த உடனே அடுத்தது. தவறைத் திருத்தப் பயிற்சியை நிறுத்துவதில்லை, திருத்தம் பிறகு காணொளி அறையில். பந்தோடு விழுந்தவர் எழுந்து அதைக் களத்தில் எறிந்துவிடாமல் பக்கத்து நடுவரிடமே கொடுக்கப் பழக்கப்பட்டிருந்தார், ஏனென்றால் நடுவர் பந்தை வைக்காமல் அடுத்த நகர்வு தொடங்க முடியாது. 2011 ஜனவரியில் நடந்த தேசிய சாம்பியன் ஆட்டத்தில் ஒரேகன் ஆபர்ன் அணியிடம் 22-19 என்று தோற்றது. அந்த ஆபர்னின் தாக்குதலை நடத்தியவர் கஸ் மால்சான். ஆர்கன்சா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் இதே முறையை வளர்த்து மேலே வந்தவர். புதுமை பலமுறை பள்ளி மைதானத்தில் பிறந்துதான் தொழில்முறை அரங்குக்கு வருகிறது.

2013 செப்டம்பர் 9 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பயிற்சியாளராகத் தன் முதல் என்எஃப்எல் ஆட்டத்தில், கெல்லியின் அணி முதல் பாதியில் மட்டும் 53 நகர்வுகள் ஆடியது. பொதுவாக ஓர் அணி முழு ஆட்டத்துக்கும் அறுபதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இடைவேளையில் 26-7 என்று முன்னிலை. ஆனால் இறுதி நிலவரம் 33-27. முதல் இரு பருவங்களிலும் பத்துப் பத்து வெற்றிகள், மூன்றாவது பருவம் முடியும் முன் பதவி நீக்கம். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் மாணவர்களைவிடத் தொழில்முறை எதிரணிகள் அந்த வேகத்துக்கு விரைவில் பழகிவிட்டன என்பது ஒன்று. மாற்றமில்லாத வேகம் கொஞ்ச நாளில் எதிர்பார்க்கக்கூடிய வேகமாகிவிடுகிறது.

ஹடில் இல்லாமல் மெதுவாகவும் ஆடலாம் என்பதைக் காட்டியவர் பெய்டன் மானிங். முதலில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிலும் பின்னர் டென்வர் பிராங்கோஸிலும், அவர் தன் அணியைச் சீக்கிரமே கோட்டில் நிறுத்திவிட்டு, மீதி நேரத்தை எதிரணியைப் படிக்கச் செலவிட்டார். கை காட்டுவார், கோட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பார், கட்டளையை மாற்றுவார், மாற்றியதுபோல் நடிப்பார். எதிரே நிற்பவர்களுக்கோ எந்தக் கணத்திலும் ஸ்னாப் வரலாம் என்பதால் தங்கள் திட்டத்தை மறைத்து நிற்கவும் முடியாது, தளர்ந்து நிற்கவும் முடியாது. 2014 ஜனவரி 12 அன்று சான் டியேகோ அணியுடன் ஆடியபோது அவர் ஒமாஹா என்ற குறிச்சொல்லை 44 முறை கத்தினார் என்று எண்ணிச் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் பிராங்கோஸ் எடுத்த 606 புள்ளிகளும் மானிங் எறிந்த 55 டச்டவுன்களும் சாதனைகள்.

அந்த அணிதான் மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 2 அன்று, நியூ ஜெர்சியில் சூப்பர் பௌலின் முதல் ஸ்னாப்பிலேயே தடுமாறியது. மானிங் சத்தத்தில் தன் கட்டளை கேட்கவில்லை என்று உணர்ந்து, அதைச் சரிசெய்யச் சென்டரை நோக்கி முன்னே நடந்தார். சென்டருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்னாப் நேரம் வந்துவிட்டதென்று நினைத்துப் பந்தைப் பின்னால் விட்டார். பந்து மானிங்கின் தலையைத் தாண்டிப் பின்னால், தன் அணியின் எல்லைப் பகுதிக்குள்ளேயே போயிற்று. ஆட்டம் தொடங்கி 12 நொடியில், அதற்கான தண்டனையாக எதிரே நின்ற சியாட்டில் அணிக்கு இரண்டு புள்ளிகள். முடிவு 43-8. ஹடில் ஒரு விதத்தில் அமைதியான அறை. அதைக் கைவிடும் அணி தன் பேச்சு முழுவதையும் எண்பதாயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவே நடத்த வேண்டும்.

ஆகவே பேச்சைச் சுருக்குவதுதான் இந்த முறையின் மையமான கைத்தொழில். வழக்கமான கட்டளை ஒரு நீண்ட வாக்கியம் போன்றது. நோ-ஹடிலில் அது ஒரு சொல்லாக வேண்டும். 2012இல் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் இப்படி ஒற்றைச் சொல் கட்டளைகளைத் தயாராக வைத்திருந்தது. ஒரு சொல்லைக் கேட்டதும் நிற்கும் இடம், தடுப்பு, ஓடும் பாதை, ஸ்னாப் எண்ணிக்கை எல்லாம் பதினொரு பேர் மனத்திலும் விரிந்துவிடும். அந்தப் பருவத்தில் அவர்கள் 557 புள்ளிகள் எடுத்தார்கள். பல்கலைக்கழகங்களில் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் வானொலி நீண்ட காலம் அனுமதிக்கப்படவில்லை. அதனால் ஓரத்தில் நிற்பவர்கள் கைச்சைகைகளையும், நான்கு படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளையும் தூக்கிக் காட்டினார்கள். எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்படும் சைகையை எதிரணியும் பார்க்கும். ஹப்பர்ட் மறைக்க முயன்றது இதைத்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சைகைத் திருட்டு பற்றிய சர்ச்சை 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழக விசாரணையோடு உச்சத்தைத் தொட்டது. 2024 பருவத்திலிருந்து முதல்நிலைப் பல்கலைக்கழக அணிகளுக்கும் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்பட்டது.

என்எஃப்எல்லில் அந்த வானொலி 1994 முதல் இருக்கிறது, ஆனால் நகர்வுக் கடிகாரத்தில் 15 நொடி மீதியிருக்கும்போது துண்டிக்கப்படும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வே 2017இல் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார். அணி சீக்கிரமே கோட்டுக்கு வந்து நின்றுவிட்டால், வானொலி அறுபடும் முன் எதிரணியின் நிலையைப் பயிற்சியாளரே பார்த்து, இளம் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் காதில் சொல்லிவிடலாம். மானிங் தன் கண்ணால் செய்ததை, இன்னும் முதிராத ஒருவருக்குப் பயிற்சியாளரின் கண்ணைக் கொடுத்துச் செய்துகொண்டார்கள்.

விதிச் சண்டை ஓயவில்லை. 2011 செப்டம்பரில் திங்கள் இரவு ஆட்டமொன்றில் வேகமாக ஆடிய செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எதிரே இரண்டு தடுப்பாளர்கள் ஒரே கணத்தில் களத்தில் விழுந்தார்கள். பொய்க் காயத்துக்குக் கடும் தண்டனை வரும் என்று லீக் எல்லா அணிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. 2014 பிப்ரவரியில் பல்கலைக்கழக விதிக்குழு ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தது: 40 நொடிக் கடிகாரத்தில் முதல் பதினோரு நொடி கழிந்து 29 ஆகும் வரை ஸ்னாப் கூடாது, அந்த நேரத்தில் தடுக்கும் அணி ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களின் பாதுகாப்பே காரணம் என்றார்கள். அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலெமாவும் அதன் பக்கம் நின்றார்கள். மால்சான் போன்றோர் எதிர்த்தார்கள். வேகம் காயத்தைக் கூட்டுகிறது என்பதற்கான சான்று முன்வைக்கப்படாத நிலையில் அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது. களைத்துப்போன ஒரு மனிதர் நூற்று முப்பது கிலோ எடையோடு மோதும்போது ஆபத்து கூடுமா என்பது கேட்கத் தகுந்த கேள்விதான்; ஆனால் அதை அளந்து பார்த்துப் பேச வேண்டும், போட்டியில் பின்தங்குபவர்களின் வசதிக்காகப் பேசக் கூடாது. சேபன் அதே ஆண்டில் லேன் கிஃபினைத் தாக்குதல் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, தன் அணியையும் வேகமாக ஆட வைத்தார்.

பந்தை வைத்திருக்கும் நேரமா, நகர்வுகளின் எண்ணிக்கையா, எது தடுப்பாளர்களைக் களைக்கச் செய்கிறது என்ற விவாதத்துக்கு 2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பௌலைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்தது. அந்த முன்னிலை வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அதன் தாக்குதல் வேகமாகப் புள்ளி எடுத்து உடனே வெளியேறியது. ஒரு டச்டவுன் தடுப்பாளரே பந்தைப் பறித்து 82 கஜம் ஓடி எடுத்தது; மகிழ்ச்சியான அந்தக் கணத்தின் விளைவாக, ஓய்வே இல்லாமல் அதே தடுப்பாளர்கள் அடுத்த நொடியே திரும்பக் களமிறங்கினார்கள். மாலை முழுவதும் பேட்ரியாட்ஸ் 93 நகர்வுகள் ஆடியது, ஃபால்கன்ஸ் 46. நான்காவது கால்பகுதியில் பிரேடி ஹடிலைக் குறைத்து அவசரப்படுத்தியபோது, முதல் பாதியில் அவரைத் தொடர்ந்து நெருக்கிக்கொண்டிருந்த முன்வரிசை களைத்துப்போயிருந்தது. கூடுதல் நேரத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற பேட்ரியாட்ஸ், 75 கஜத்தை எட்டு நகர்வுகளில் கடந்து 34-28 என்று முடித்தது. அந்தக் கூடுதல் நேரத்தில் அட்லாண்டாவின் தாக்குதல் அணி பந்தைத் தொடவே இல்லை.

இன்று நோ-ஹடிலை ஆட்டம் முழுவதும் ஒரே வேகத்தில் ஆடும் என்எஃப்எல் அணி அரிது. எல்லா அணிகளிடமும் அது இருக்கிறது, ஆனால் மருந்தைப் போல அளந்து பயன்படுத்துகிறார்கள். நீண்ட தூரம் ஓடிய நகர்வு ஒன்று முடிந்து எதிரணியின் கனத்த ஆட்கள் இன்னும் பின்னாலிருந்து நடந்து வரும்போது ஒரே ஒரு வேக ஸ்னாப். அடுத்ததற்குக் கோட்டில் இருபது நொடி நின்று எதிரியைப் படிப்பது. அதற்கடுத்து வழக்கமான ஹடில். முன்னிலையில் இருந்துகொண்டு கடைசிக் கால்பகுதியில் வேகமாக ஆடும் பயிற்சியாளரைப் பார்ப்பது கடினம், அப்படி ஆடினால் தன் கையில் இருக்கும் கடிகாரத்தை எதிரிக்குத் தானம் செய்வதாகும். தாக்கும் அணியிலிருந்து ஒருவர் மாறியதும் நடுவர் பந்தின் மேல் வந்து நின்று, எதிரணியின் மாற்றம் முடியும் வரை சென்டர் அதைப் பின்னால் தர விடாமல் காத்து நிற்கும் காட்சியை இப்போது ஒவ்வோர் ஆட்டத்திலும் காணலாம். ரிவர்ஃபிரன்ட் மைதானத்தில் அன்று சச்சரவுக்குள்ளான அந்தச் சில நொடிகளைத்தான் அவர் காவல் காக்கிறார்.